செவ்வாய் வெள்ளிக் கார்

பூசை முடிந்து ஞானதாஸ் வெளியே வந்தபோது அவருடைய காருக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை மந்திரிப்பது அந்தப் பங்கில் வழக்கம். புதுசாக எடுத்த பைக், கடனில் எடுத்த ஆட்டோ, பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஓட்டும் டிராக்டர் எல்லாம் மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் வரிசையாக நிற்கும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு காரியத்தைப் பேர் சொல்லி மந்திரித்துவிட்டால், அந்தக் காரியத்தை முடிக்காமல் வண்டி பின்வாங்கக் கூடாது. வேளாங்கண்ணிக்கென்று மந்திரித்த வேன் ஒன்று சேத்தியாத்தோப்பிலேயே படுத்துவிட்டபோது, கயிறு கட்டி லாரியில் இழுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

ஞானதாசின் அம்பாசிடர் கெபிக்கு முன்னால் நின்றதற்குக் காரணம் மந்திரிப்பு இல்லை. அங்கே வேப்பமரத்து நிழல் இருந்தது. மூட்டுவலிக்காரரான ஜோஸ்பின் டீச்சரைப் பூசை முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விடுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்காக வருஷக்கணக்கில் அங்கேதான் நிறுத்துகிறார். அருள்ஜோதி சாமி வந்து ஆறு மாசம்தான் ஆகிறது, அவருக்கு இது தெரியாது. அவர் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "காஷ்மீர் வரை செல்லும் இந்த வாகனத்தையும், இதை ஓட்டிச் செல்லும் நம் சகோதரர் ஞானதாசையும் ஆண்டவர் காப்பாராக."

கூட்டம் கை தட்டியது. ஞானதாசும் என்ன ஏதென்று தெரியாமல் சிரித்து வைத்தார். பிறகுதான் கெபிக்கு மேலே கட்டியிருந்த பேனரைப் படித்தார். விருத்தாசலத்திலிருந்து காஷ்மீர் வரை பழைய காரில் பயணம். சேரும் நன்கொடையில் சிறுநீரக நோயாளிகளுக்கு இலவச வேன்.

ஜோஸ்பின் டீச்சரின் மகன் சாவியோ ஓடி வந்து கையைப் பிடித்தான். இங்கிலாந்தில் இஞ்சினியராக இருக்கிறவன், லீவில் வந்திருந்தான்.

"தேங்க்ஸ் அங்கிள். நீங்க ஒத்துக்கலன்னா இது நடந்தே இருக்காது."

"நான் எப்ப தம்பி ஒத்துகிட்டன்?"

"போன வாரம் கேட்டனே, உங்க வண்டி காஷ்மீர் வரைக்கும் போவுமான்னு. இமயமல மேலயே ஏத்திக் காட்றேன்னீங்களே."

சொன்னதுதான். விருத்தாசலம் ஸ்டாண்டில் எந்த டிரைவரிடம் எந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். அதைப் போய் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள, பதினாலு வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவனால்தான் முடியும்.

ஞானதாசுக்கு அப்போது ஐம்பத்தாறு வயசு. வாலிபத்தில் செராமிக் கம்பெனிகளுக்குக் களிமண் லாரி ஓட்டினார். முதலாளி லாரியை விற்றபோது, மாருதிக்கு மாறிய ஒரு டாக்டரிடமிருந்து அந்த அம்பாசிடரை வாங்கி ஜங்ஷன் ஸ்டாண்டில் போட்டார். கல்யாணம், காதுகுத்து, பழமலைநாதர் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் என்று நன்றாகத்தான் ஓடியது. பிறகு டீச்சரின் வீட்டுக்காரர் ராபர்ட் சாருக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் பாண்டிக்குக் கூட்டிப் போய், மெஷினில் போட்டு ரத்தம் சுத்தம் பண்ணிக் கூட்டிவர வேண்டும். சார் ஒருவரோடு ஆரம்பித்தது, செலவைப் பிரித்துக்கொள்ள இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். சார் இறந்த பிறகு அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். அந்தப் பின்சீட்டு காலியாக இருந்ததே இல்லை.

ஊரில் அதற்குச் செவ்வாய் வெள்ளிக் கார் என்றே பேராகிவிட்டது. அப்படிப் பேரான பிறகு நல்ல காரியத்துக்கு யாரும் அதைக் கூப்பிடுவதில்லை. நோயாளி வண்டியில் பெண்ணை ஏற்றலாமா என்று கேட்பார்கள். மற்ற ஐந்து நாளும் வண்டி ஸ்டாண்டில் வெயில் காயும். அந்த மூன்று பேரை வைத்துத்தான் ஞானதாஸ் வீட்டில் அடுப்பு எரிந்தது. இலவச வேன் வந்துவிட்டால் அவர்கள் அதில் ஏறிவிடுவார்கள். ஆக, தன் பிழைப்பைத் தானே கொண்டுபோய்க் காஷ்மீரில் தொலைத்துவிட்டு வரச் சொல்லி அவரை மந்திரித்திருந்தார்கள்.

"முடியாதுன்னு சொல்லிட்டு வர்றதுதான?" என்றாள் அவர் மனைவி லீமா, மீனை அலசிக்கொண்டே.

"என்னான்னு சொல்றது? நோயாளிக்கு வேன் வேணாம்னு சொல்றதா? ஊரு காறித் துப்பும்."

"அப்ப மாதா மேல பாரத்தப் போட்டுட்டு ஒண்ணு கேளுங்க. அந்த வேனுக்கும் ஒரு டிரைவரு வேணும் இல்ல?"

இது ஞானதாசுக்குத் தோன்றவில்லை. மீன் குழம்பு கொதிக்கும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தார். வேனை ஓட்டினால் என்ன? அதே ரோடு, அதே ஆட்கள்தானே. அன்று இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சாவியோவும் கூட வந்தான், கையில் ஒரு சின்ன வீடியோ கேமராவோடு. முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். பின்னால் ஜன்னலோரம் கொளஞ்சியப்பன். முப்பது வருஷம் பீங்கான் சூளையில் நின்றவர், ஞானதாசின் லாரி காலத்துச் சிநேகிதர். நடுவில் வீரம்மாள், மார்க்கெட்டில் கீரை விற்றவள். கோவிந்தராசுவைக் கம்மாபுரத்தில் ஏற்றிக்கொண்டார்கள். அவர் நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே பேசிக்கொண்டிருப்பவர்.

"காஷ்மீருக்கு எதுக்கு தம்பி போவணும்? அங்கதான் வேன் விக்கிறானா?" என்று கோவிந்தராசு ஆரம்பித்தார்.

"இல்லைங்க. நான் இருக்கற ஊர்ல இப்படி பழைய கார்ல ரொம்ப தூரம் போவாங்க. அதப் பாத்து மத்தவங்க மைலுக்கு இவ்வளவுன்னு காசு குடுப்பாங்க. வண்டி எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. வழியில நின்னு போச்சுன்னா இன்னும் குடுப்பாங்க."

ஞானதாஸ் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இந்த வண்டி வழியில நின்னதில்ல தம்பி."

"சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்களா?" என்றார் கொளஞ்சியப்பன்.

"சும்மா யாரு குடுப்பாங்க அங்கிள்? நாம கஷ்டப்படறதப் பாத்தாத்தான் குடுப்பாங்க."

"கஷ்டந்தான் வேணும்னா, வாரத்துக்கு ரெண்டு வாட்டி நாங்க படுறமே," என்றாள் வீரம்மாள். "அதப் படம் புடிச்சுக் காட்டி வாங்கியாயேன். எதுக்கு அவ்ளோ டீசலு?"

"யக்கா, நாம பட்டா அது நோவு. தொரைங்க பட்டாத்தான் படம்," என்றார் கோவிந்தராசு.

சாவியோவும் சேர்ந்து சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகம் மாறியது. "எங்கப்பாவும் இந்தச் சீட்லதான வந்தாரு," என்றான். "குலுங்கிக் குலுங்கி வந்தாரு. படுத்துட்டு வர ஒரு வேன் இருந்திருந்தா அவருக்கு…" முடிக்கவில்லை. ஞானதாஸ் கியரை மாற்றினார். இரண்டாவது கியரில் போக வேண்டிய இடமே இல்லை அது.

வடலூர் தாண்டியதும் சாவியோ பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, தலையை அண்ணாந்து குடித்தான். பின்சீட்டில் பேச்சு நின்றுபோனது. அந்தக் காரில் தண்ணீர் பாட்டில் இருக்கவே இருக்காது. மூன்று பேருக்கும் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று டாக்டர் அளந்து வைத்திருக்கிறார். மெஷினுக்குப் போகிற காலையில் நாக்கு மரத்துண்டு மாதிரி கிடக்கும். அதனால் ஞானதாஸ் வண்டிக்குள் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தால் எங்காவது ஓரங்கட்டி, டயரைப் பார்க்கிற மாதிரி பின்பக்கம் போய், மரத்து மறைவில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். அவர்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள்.

"தம்பி, அத உள்ள வையி," என்றார் மெதுவாக.

"ஏன் அங்கிள்?"

வீரம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாவியோ அந்த ஜன்னலைப் படம் பிடித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்கு மண்டபத்தில் கூட்டம். பயணம் தேவையா என்று சிலர் முணுமுணுப்பது சாமி காதுக்குப் போயிருந்தது. எல்லாரும் மனசில் இருப்பதைப் பேசிவிடட்டும் என்று கூட்டியிருந்தார். நோயாளிகளுக்காக என்பதால் கொளஞ்சியப்பனும் அவர் மனைவி ஆண்டாளும் வந்திருந்தார்கள், மாதா படத்துக்கு ஒரு முழம் பூவோடு.

"காஷ்மீருக்குப் போறதுக்கு ஆவுற செலவ வேனுக்குக் குடுத்துட்டா என்னா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். செலவைத் தன் சிநேகிதர்கள் ஏற்கிறார்கள் என்றான் சாவியோ. "அப்ப அந்தச் சிநேகிதங்களையே வேன் வாங்கித் தரச் சொல்லேன்" என்றது அதே குரல். சிரிப்பு எழுந்தது. "வண்டி கவுந்தா நீ ஏரோப்ளேன்ல போயிடுவ தம்பி, ஞானதாசு கதி என்னா?" என்றது இன்னொரு குரல். ஜோஸ்பின் டீச்சர் தன் மகன் முகத்தைப் பார்க்காமல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

இதுதான் சமயம் என்று ஞானதாஸ் எழுந்தார்.

"சாமி, நான் ஒரு மாசம் வெளிய போயிட்டா செவ்வா வெள்ளிக்கு இவங்கள யாரு இட்டுகினு போறது? வேன் என்னிக்கி வரும்னு தெரியாது. மெஷினு ஒரு நாள் தவறினாலும் இவங்க தாங்க மாட்டாங்க."

மண்டபத்தில் தலைகள் அசைந்தன. அவருக்குத் தைரியம் வந்தது.

"ஏற்பாடு பண்ணிட்டேன் அங்கிள்," என்றான் சாவியோ. "ஸ்டாண்டுல இருக்கற பாரியோட சுமோ வரும். அந்த மாசத்துக்கு அவங்க யாரும் ஒண்ணும் குடுக்க வேணாம்."

ஞானதாஸ் கடைசியாக இருந்த ஒன்றைக் கேட்டார். "வேன் வந்தா அத யாரு தம்பி ஓட்றது?"

சாவியோ சாமியைப் பார்த்தான். சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேன நடத்தப்போற நம்ம ட்ரஸ்ட் விதியில டிரைவருக்கு நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான் போட்டிருக்காங்க. நோயாளிங்க விஷயம் பாருங்க."

பின்வரிசைக் குரல் மறுபடி எழுந்தது. "அதான் விஷயம். பொழப்பு போயிடும்னு நேரா சொல்லிட்டுப் போயேன்யா. எதுக்கு நோயாளி மேல சாக்கு?"

ஞானதாஸ் நின்றபடியே இருந்தார். "ஆமா," என்றார். "போயிடுந்தான்."

யாரும் சிரிக்கவில்லை. பரிதாபப்படவும் இல்லை. அப்போது கொளஞ்சியப்பன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தனக்காகத்தான் பேசப்போகிறார் என்று ஞானதாஸ் நினைத்தார்.

"ஞானதாசு, உன் வண்டிய நான் கொற சொல்ல மாட்டன். ஆனா ஒவ்வொரு திங்கக்கெழமையும் வெளக்கு வெக்கிற நேரத்துல கார் காசுக்கு ஆண்டாளு எந்த வூட்டு வாசல்ல போயி நிக்கிறான்னு எனக்குத் தெரியும். நீயும் பாத்திருக்க. வேன் வந்தா அவ அப்படி நிக்க வேணாம். காஷ்மீரு போனா கெடைக்கும்னா, நீ போயிட்டு வா."

ஆண்டாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். ஞானதாஸ் அவளை ஒரு தரம் பார்த்தார். பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கொளஞ்சியப்பன்தான் கேட்டதில்லை.

"போறேன் சாமி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கிளம்பும் தேதியைச் சாவியோவின் லீவை வைத்துக் குறித்தார்கள். அது செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஞானதாஸ் ஸ்டாண்டில் பாரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

"வரும்போது வேகம் கூடாது. வீரம்மாவுக்கு வாந்தி வரும், குறிஞ்சிப்பாடி கிட்ட நிறுத்திக் குடு. கொளஞ்சியப்பனுக்கு எடது கையில ஊசி போட்டிருப்பாங்க, அந்தப் பக்கம் யாரையும் இடிச்சு ஒக்கார வைக்காத. வண்டில தண்ணி வெச்சுக்காத."

"என்னா மாமா, ஏசி வண்டி. தாகம் எங்க எடுக்கப்போவுது?"

"எடுக்கும். எறங்கிப் போயிக் குடி."

பாரி தலையாட்டினான். எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியவில்லை. சொல்லச் சொல்ல, தன் வேலையை ஒவ்வொரு துண்டாக எடுத்து அவன் கையில் வைப்பதுபோல் இருந்தது ஞானதாசுக்கு. ஆனாலும் ஒன்றையும் மறைக்காமல்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பழக்கத்தில் விடியுமுன்னே எழுந்துவிட்டார். செய்ய ஒன்றும் இல்லை. லீமா காபி கொடுத்தாள். அவர்கள் வீட்டைத் தாண்டி சுமோ கம்மாபுரம் பக்கம் போயிற்று. கறுப்புக் கண்ணாடி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர் கை உயர்த்தினார். ஹாரன் அடித்தது.

வெயில் ஏறியதும் கோயில் வாசலில் பேண்டு, மறுபடி மாலை, மறுபடி தீர்த்தம். லீமா ஒன்றும் பேசாமல் ஸ்டியரிங்கில் சிலுவை போட்டாள். பின்சீட்டில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த தண்ணீர் பாட்டில் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கொளஞ்சியப்பன் உட்காருகிற ஜன்னலோரமும் தெரியவில்லை.

உளுந்தூர்பேட்டை ரோட்டில் திரும்பியபோது ஸ்டியரிங் கனமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வெயில் கண்ணாடியில் சுட்டது. சாவியோ பின்னால் கையை நீட்டி ஒரு பாட்டிலை உருவி அவரிடம் நீட்டினான்.

"குடிங்க அங்கிள். வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு."

"அப்பறம் குடிக்கிறன் தம்பி."

"நெறய இருக்கு அங்கிள்."

"இருக்கட்டும்."

இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தார். பெட்டிகள்தான் இருந்தன. மறுபடியும் பார்த்தார். பிறகு இண்டிகேட்டர் போட்டு ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, சீட்டில் கிடந்த பாட்டிலை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு இறங்கினார். பின்பக்கம் போய் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார்.

வண்டி அதற்குள் பழுதாகி நின்றுவிட்டது என்று நினைத்து, சாவியோ சந்தோஷமாகக் கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினான்.