இரண்டு கிண்ணம் சம்பல்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கறுப்புத் தட்டு, அதில் வட்டமாக வெட்டிய வாழையிலை, இலைமேல் செக்கச்செவேலென்று ஒரு கைப்பிடி தேங்காய்ச் சம்பல். படத்துக்கு வாசம் கிடையாது என்பார்கள். எனக்கு வந்தது. சின்ன வெங்காயம், தேசிக்காய்ப் புளி, காய்ந்த மிளகாய், அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று.

"அப்பா, இது கோட்டைக்குள்ள. நாலரை நட்சத்திரம். ஒரு பகலுக்கு இங்க போவோமா?"

மலர் பள்ளிக்கூட ரீச்சர். விடுமுறைக்கு என்னையும் அவள் அம்மாவையும் இரண்டு நாள் தெற்கே கடலோரத்துக் காலி நகரத்துக்குக் கூட்டிப்போக அறையெல்லாம் போட்டுவிட்டாள். பாக்கி, எங்கே சாப்பிடுவது என்பதுதான். அதற்குப் பதினொரு கடைகளைப் பொறுக்கி வைத்திருந்தாள். காலி என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்தே எனக்கு அந்தப் பேச்சே வேண்டாமென்றிருந்தது. அதை எப்படிச் சொல்வது? "நீயே பாத்து எடும்மா" என்றேன்.

சமையலறையிலிருந்து சரசு குரல் கொடுத்தாள். "ஒங்கப்பா வயித்துக்குக் காலியில பச்சத்தண்ணிகூட ஒத்துக்காது. போன தரமே பாத்தேன். இவருக்கு அர றாத்தல் பாண் ரொட்டிய கையில குடுத்துக் கூட்டிட்டுப் போ."

அந்தப் போன தரம் நடந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

அப்போது நான் கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் விற்பனைக்கு நின்றேன். மலருக்கு ஒன்றரை வயது. பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வேர்த்து வடியும். பேராதனை ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, நெஞ்சுக்குள் ஒரு ஓட்டை என்றார்கள். அடுத்த புதன்கிழமை வாருங்கள், இன்னொரு முறை பார்த்துவிட்டு வெட்டுவதா இல்லையா என்று சொல்கிறோம் என்றார்கள். அன்று சாயங்காலமே சரசு கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். டாக்டர் நல்ல சொல் சொல்லும்வரை மச்ச மாமிசம் கிடையாது. அத்தோடு விட்டிருக்கலாம். "ஒரு துணுக்கு வாயில பட்டாலும் இந்த நேத்தி செல்லாது சாமி" என்று வாய்விட்டுச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சாமியிடம் இப்படியா பேசுவது, கொஞ்சம் இடம் விட்டுப் பேசக்கூடாதா என்று நினைத்தேன். நானென்றால் "கூடிய மட்டும்" என்று ஒரு சொல் சேர்த்திருப்பேன். என் பக்தி அப்படி.

புதன்கிழமை வருவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தே செத்துவிடுவோம் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். "தம்பி, சனிக்கிழம வேன் காலிக்குச் சரக்கு கொண்டு போகுது. நீயும் போ, அந்தப் புள்ளயையும் கூட்டிட்டுப் போ. அது கடலப் பாத்ததில்லைன்னு சொன்னியே" என்றார். என் மனைவியைத்தான் புள்ள என்றார். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அதுவரை கண்ட பெரிய தண்ணீர் கண்டிக் குளம்.

புதுப்புடைவைக் கஞ்சி வாசத்துக்கு நடுவே, சேலைக்கட்டுகளின் மேல் உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் சோதனைச்சாவடி, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போகிற யுத்த காலம் அது. கோட்டை மதில்மேல் ஏறி நின்று சரசு கடலை வெகுநேரம் பார்த்தாள். "இதுக்கு அந்தப் பக்கம் என்னாங்க இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, தண்ணிதான்" என்றேன். அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். சமயத்தில் எனக்கு நல்ல பேச்சு வராது.

முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டி வந்திருந்தோம். இரண்டாம் நாள் பகல்தான் சோதனை. டிரைவர் பியதாச அண்ணன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவக்கடை உண்டு என்று சொல்லி அனுப்பினார். போனால் கதவில் கடுதாசி ஒட்டியிருந்தது. அந்தக் கடைக்காரர் வீட்டில் சாவு. அடுத்த கடையில் வாசலிலேயே மாட்டிறைச்சி வாசம். அதற்கடுத்த பேக்கரியில் சீனிப் பணிசும் இருந்தது, மீன் பணிசும் இருந்தது. இரண்டையும் ஒரே இடுக்கியால் எடுப்பதைச் சரசு கண்ணாடிக்கு வெளியே நின்றே கண்டுவிட்டாள். "வேணாங்க. வாங்க." காலையிலிருந்து அவள் குடித்தது ஒரு வெறும் தேத்தண்ணி. பிள்ளை வேறு விடாமல் பால் கேட்டது. வெயிலில் அவள் முகம் வெளுத்து வந்தது.

இந்த இடத்தில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் தெரியாத ஊரில் சாப்பாட்டுக்கடைக்குப் போனால் நான் முதலில் கல்லாப்பெட்டிக்கு மேலேதான் பார்ப்பேன். சாமி படம் இருந்தால் உட்காருவேன். கண்டியிலும் மாத்தளையிலும் அந்த வழி என்னைக் கைவிட்டதில்லை. காலியில் ஒரு சந்துக்குள் அப்படி எட்டிப் பார்த்தேன். மயிலோடு முருகன். முன்னால் சின்ன விளக்கு, தட்டில் மல்லிகைப்பூ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகா, காட்டிக் கொடுத்தாயே என்று உள்ளே போனேன்.

கதிர்காமத்துக் கந்தனைச் சிங்களவர்களும் கும்பிடுகிறார்கள் என்பது கண்டியில் பிறந்தவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எங்கள் வீதியில் பாதிக் கடைகளில் அவர் படம்தான். பசியும் பயமும் சேர்ந்தால் தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விடுகிறது. கடைக்காரரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மரக்கறி மட்டுந்தானே?" என்று கேட்டேன். "மரக்கறி மட்டும்தான் மாத்தயா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. விளக்குக்கு முன்னால் வைத்திருந்த சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து மலர் கையில் கொடுத்தார்.

நான் பிள்ளையை வைத்துக்கொண்டேன், சரசு முதலில் சாப்பிட்டாள். சோறு, பூசணிக்காய், கீரை, ஒரு கிண்ணத்தில் சம்பல். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்தேன். "என்னங்க, இந்தப் பக்கத்துத் தேங்கா தனி ருசிங்க. இன்னுங் கொஞ்சம் சம்பல் வாங்கிட்டு வாங்களேன்."

சந்தோஷமாகக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நானே உள்ளே போனேன். சமையலறை வாசலில் ஒரு அம்மா உரலில் இடித்துக்கொண்டிருந்தார். மிளகாயோடு விறகுத்துண்டு மாதிரி கறுப்பாக ஒன்று கிடந்தது. மாசி. கடலில் பிடித்து, அவித்து, கட்டையாகக் காயவைத்த மீன். அந்தப் பக்கத்தில் அதை யாரும் மீன் என்று கணக்கெடுப்பதில்லை. உப்பு, புளி மாதிரி அதுவும் ஒரு சாமான். எங்கள் வீட்டில் அப்போது மாசி வாங்க வசதியில்லை, சரசுவுக்கு அந்த ருசியே தெரியாது. கடைப்பையன்களோடு பகல் சாப்பாடு பகிர்ந்து சாப்பிட்ட எனக்குத் தெரியும்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. பிள்ளை என் தோளில் வாழைப்பழத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சு என் நெஞ்சில் படபடவென்று அடித்ததை இப்போதும் சொல்ல முடியும்.

வெளியே வந்து, "முடிஞ்சிருச்சாம்" என்றேன்.

"அடடா. சரி, நீங்க ஒக்காந்து சாப்புடுங்க."

"எனக்கு வயிறு சரியில்ல."

அந்த வயிறுதான் இருபத்தெட்டு வருஷமாகச் சரியில்லாமல் இருக்கிறது. திரும்பி வருகையில் கடுகண்ணாவ ஏற்றத்தில் வேன் முக்கிக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடிப் பிள்ளையாரிடம் கேட்டேன். அவள் வாயில் பட்டதை என் வாயில் பட்டதாக வைத்துக்கொள், அந்தத் துணுக்குக்குப் பதிலாக ஆயுசுக்கும் நான் மச்ச மாமிசத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். இந்த முறை "கூடிய மட்டும்" என்று நானும் சொல்லவில்லை.

புதன்கிழமை, ஓட்டை நினைத்ததைவிடச் சின்னது, வெட்டத் தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். சரசு வாசலிலேயே விழுந்து கும்பிட்டாள். நான் கும்பிடவும் பயந்து நின்றேன். ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம். ஒவ்வொரு தடவையும் அந்த ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இன்றைக்குத்தான் பிடிபடப் போகிறேன் என்று நினைப்பேன். நாலாம் வயதில் முழுதாக மூடிவிட்டது என்றார்கள்.

பிறகு அம்பிட்டியவுக்கு வீடு மாறினோம். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவிடமிருந்து சரசு மாசிச் சம்பல் பழகினாள். முதல் நாள் வாயில் வைத்தவள் அப்படியே நின்றாள். "இந்த ருசிய நான் எங்கயோ சாப்புட்டிருக்கேங்க." நான் மழை வருகிறதா என்று பார்க்க வெளியே போய்விட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினம் இரண்டு கிண்ணம். அம்மாவுக்கும் மகளுக்கும் மாசி போட்டது. வயிற்றுக்காரனுக்குப் போடாதது. அதற்கு மேலே ஓமத்தண்ணி, சீரகத்தண்ணி, இஞ்சிக் கஷாயம். அவள் காய்ச்சிக் கொடுத்ததை எல்லாம் குடித்தேன். குடிக்காமல் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மலர் அந்தக் கடைக்கு, சம்பலில் மாசி உண்டா என்று எழுதிக் கேட்டாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது, போடாமலும் செய்து தருவார்களாம். இவ்வளவுதான் விஷயம். ஒரு கேள்வி. அன்றைக்கு அதை நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மலர் பள்ளிக்கூடம் போன பிறகு சரசு தேங்காய் திருவ உட்கார்ந்தாள். அருகே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திருவலை நின்றது.

"எத்தன கரண்டி?"

"ஒரு கிண்ணம். ரெண்டாவது நான் கொண்டாரல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா புதன்கிழம ஆஸ்பத்திரிக்கி எப்பிடிப் போயிருப்ப?"

"பயந்துகிட்டுப் போயிருப்பேன். நீங்க தனியாப் பயந்துகிட்டுப் போனீங்கள்ல, அதே மாதிரி. ரெண்டு பேராப் போயிருக்கலாம்." திரும்பவும் திருவத் தொடங்கினாள். திருவிக்கொண்டே, "எத்தன போத்தல் ஓமத்தண்ணி" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். முகத்தைக் காட்டவில்லை. அன்று சாயங்காலம் விளக்கு வைத்தவள், மஞ்சள் துணியில் நேர்த்திக்கு ஒரு நாணயம் முடிந்து பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிள்ளைக்கு இருபத்தொன்பது வயது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது எனக்குத்தான். ஆனாலும் பழைய பயம் புதிதாக வந்தால் என்ன செய்ய முடியும்?

காலிக்கு இன்னும் ஒன்பது நாள். அந்தச் சந்தின் படத்தை மலர் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினாள். அந்த முருகன் படக் கடை இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். மயிலும் இல்லை, விளக்கும் இல்லை. பியதாச அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். புடைவைக் கடை கைமாறிக் கைமாறி இப்போது செருப்புக் கடை.

புதன்கிழமை காலை இடியப்பத்துக்கு உட்கார்ந்தோம். "அம்மா, என்னோட சம்பல் எங்க?" என்றாள் மலர். மேசையில் ஒரே ஒரு கிண்ணம். எழுந்து போய் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். மாசி டின்னைக் காணோம்.

"இதுதான் சம்பல். எல்லாருக்கும்" என்று சரசு எனக்கு ஒரு கரண்டி வைத்தாள், பிறகு தனக்கும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டாள். எதுவரைக்கும் என்று நான் கேட்கவில்லை.