மொட்டைமாடி மிராசு

உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக மிச்ச நிலத்தையும் விற்று, மன்னார்குடியில் தூங்கி வழிந்த கடைத்தெருவில் முதல் மூன்று மாடிக் கட்டடத்தை எழுப்பினார் அந்த மிராசுதார். அதன் மேல்தளத்தில் என் டைப்ரைட்டிங் வகுப்பு. மழை வந்தால் குடையோடு மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர் வடியும் குழாயை மண் வைத்து அடைத்துவிடுவார். என் கூரை ஒழுகும்.

“திறந்து விடுங்க ஐயா, மெஷினெல்லாம் நனையுது.”

“வந்த தண்ணிய யாராவது விடுவாங்களா சார்?”

பிறகு பக்கத்து மனையில் அவருடைய பழைய குத்தகைக்காரர் நான்கு மாடி கட்டினார். ‘டேய்’ என்றே இவர் கூப்பிட்டுப் பழகிய மனிதர். அடுத்த மழையில் அந்த மாடித் தண்ணீர் எங்கள் மாடியில் கொட்டியது. சண்டைதான் என்று நானும் மிராசுதார் பின்னால் மொட்டைமாடிக்கு ஓடினேன். இவர் அண்ணாந்து குரல் கொடுத்தார்:

“மேல்மடைக்காரரே! கடைமடையில நாங்க இருக்கோம், பாத்து விடுங்க!”

கேலியா, மரியாதையா? இன்றும் எனக்குத் தெரியவில்லை. சொன்ன கையோடு குனிந்து, குழாயிலிருந்த மண்ணைத் தானே எடுத்துவிட்டார்.