மணி அண்ணன் மாட்டிய வால்வு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கொச்சங்காடி சாயாக்கடை கபீர் இக்காவிடமிருந்து போன் வந்தது.

"சாரே, நம்ம மணியேட்டன் மரிச்சு போயி."

"எந்த மணி?" என்று கேட்டேன்.

"சாருக்கு எத்தனை மணியைத் தெரியும்? ஒர்க்‌ஷாப் மணியேட்டன். குளிச்சிட்டு வந்து கட்டில்ல இருந்ததாக்கும். பின்னே எழுந்திரிக்கல்லே."

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மணிதான். அப்போது என் நினைவுக்கு முதலில் வந்தது என் கார். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் நடந்தது அதுதான்.

சுப்பிரமணியன் என்கிற மணி அண்ணன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கின் முன்பகுதியில் கார் பழுதுபார்த்து வந்தார். மற்றவர்கள் கழற்றுவதை மாட்டுகிறவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு.

கார் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சிறிய வால்வு ஒன்று இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சூடாகும். வேண்டிய அளவு சூடு ஏறியதும் வால்வு திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். வண்டி அதிகமாகச் சூடாகிறது என்று போய் நின்றால், எங்கள் பக்கத்தில் பலரும் முதலில் செய்வது அந்த வால்வைக் கழற்றிப் போடுவதுதான். இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பார்கள். என் காரிலும் பள்ளுருத்தியில் ஒருவர் அப்படிக் கழற்றியிருந்தார். போன வருடம் மணி அண்ணன் அதைக் கண்டுபிடித்து, என்னைக் கேட்காமலே ஒரு வால்வை மாட்டிவிட்டார்.

"சாரே, எஞ்சின் பச்சை வெள்ளத்துல, சூடாகாத தண்ணியில ஓடினா பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும். அது முதல்ல சூடாகணும். அப்பறமாக்கும் தணுக்கணும்" என்றார்.

அன்று தொடங்கியது என் குழப்பம். ஒரு நாள் சாயாக்கடை வாசலில் பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினேன். மூன்றாம் நிமிடம்: சூடு காட்டும் முள் ஏறுகிறது, ஹோஸ் குளிர்ச்சி. ஆறாம் நிமிடம்: முள் பாதிக்கு வந்துவிட்டது, ஹோஸ் அப்போதும் குளிர்ச்சி. ஒன்பதாம் நிமிடம்: முள் முக்காலைத் தாண்டியது. பத்தாம் நிமிடம்: ஹோஸில் கை வைக்க முடியவில்லை, முள் மளமளவென்று இறங்கியது.

"எந்தா சாரே, வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கபீர் இக்கா சிரித்தார்.

சாயா குடிக்க வந்த மணி அண்ணனிடம் குறிப்பை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "முதல்ல ஹோஸ் தணுப்பா இருக்கறது சரியாக்கும். வால்வு மூடியில்ல இருக்கு? திறந்ததும் முள் கொஞ்சம் இறங்கறதும் சரி."

"முக்காலுக்கு ஏறுறது?"

கையைத் துணியில் துடைத்தார். "அது… நோக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "நல்லா ஓடிட்டிருந்த வண்டியைக் கெடுத்துட்டீங்க. உங்களுக்கு வால்வுப் பைத்தியம்" என்றேன். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். மணி அண்ணன் சாயாவை முழுவதும் குடித்து, கிளாஸை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு பேர், "எங்க வண்டிக்கு வால்வெல்லாம் வேண்டாம்" என்று சொல்லித்தான் அவரிடம் வண்டியை விட்டார்களாம். கபீர் இக்கா பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அவர் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு காரைக் கொண்டுபோய் நிறுத்தி, வால்வைக் கழற்றிவிடச் சொன்னேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் சாவியைக் கொடுத்தார். "வண்டி ரெடி சாரே. ரெண்டு நாள் ஓட்டி நோக்கிட்டு வாங்க. ஒண்ணு காட்டணும்."

அதற்குப் பிறகு முள் பாதியைத் தாண்டவே இல்லை. "கழட்டினதும் சரியாச்சு, பார்த்தீங்களா?" என்று சாயாக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன். ஒர்க்‌ஷாப் பக்கம் போகவில்லை.

இறுதிச் சடங்குக்கு ஆட்டோவில் போய் வந்தேன். ஐந்தாம் நாள் காலை அவர் வீட்டுக்குப் போகக் காரை எடுத்தேன். பழக்கத்தில் பானெட்டைத் திறந்து மேல் ஹோஸைத் தொட்டேன். மூன்றாம் நிமிடம் குளிர்ச்சி. ஆறாம் நிமிடமும் குளிர்ச்சி. வால்வு இல்லாத வண்டியில் எஞ்சினோடு சேர்ந்து ஹோஸும் முதலிலிருந்தே மெல்லச் சூடாகியிருக்க வேண்டும். எட்டாம் நிமிடம் உள்ளே சூடு பாய்ந்தது கையில் தெரிந்தது. முள் பாதியில் லேசாகத் தயங்கி நின்றது.

வால்வு உள்ளேதான் இருந்தது. அப்படியானால் எது சரியாயிற்று? இரண்டு வாரமாக நான் ஊரெல்லாம் சொன்னது என்ன? பானெட்டை மூடத் தோன்றாமல் நின்றேன்.

எலும்பு பொறுக்கும் சஞ்சயனம் முடிந்து அவர் வீட்டில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அவர் மனைவி தங்கம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். மேலே பென்சிலில் என் வண்டி நம்பர். உள்ளே ஒரு வால்வு.

"இதையும் சார் வண்டிக்குன்னு வாங்கின புதுசையும் என் பால் பாத்திரத்துல போட்டுக் கொதிக்க வச்சார் சார். நான் கத்தினேன். 'ஒச்சை வைக்காதே, புதுசு வாய் திறக்கறது, இது திறக்க மாட்டேங்கறது பாரு'ன்னார். சார் வந்தா அடுப்புல வச்சுக் காட்டணும்னு தினம் சொல்லிட்டிருந்தார். பாத்திரத்தை எனக்குத் திருப்பித் தரவே இல்லை."

ஆக, அவர் முதலில் மாட்டிய வால்வு பழுது; வண்டியில் அது கொதிநீரையும் தாண்டிச் சூடேறிய பிறகே திறந்திருக்கிறது. முள் முக்காலுக்கு ஏறுகிறது என்ற என் புகார் சரி. வால்வே வேண்டாம் என்றது தவறு. "நோக்கலாம்" என்றபோதே அவருக்குச் சந்தேகம் இருந்ததா, பாத்திரத்தில் போட்ட பிறகுதான் தெரிந்ததா? தம் பிழையை என்னிடம் மட்டும் காட்ட நினைத்தாரா, அந்த நான்கு பேர் முன்னாலா? எனக்குத் தெரியவில்லை. கேட்டு உறுதி செய்ய அவர் இல்லை.

உறுதியாகத் தெரிந்ததை எழுதுகிறேன். மணி அண்ணன் என் வண்டியைக் கெடுக்கவில்லை. கழற்றியதால் அது சரியாகவும் இல்லை. கெடுத்தார் என்றும் கழற்றியதும் சரியாயிற்று என்றும் சொன்னவன் நான், இரண்டும் தவறு. என் பேச்சைக் கேட்டு வால்வு வேண்டாம் என்றவர்கள், யாரிடமாவது கொடுத்து அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள்.

மணி அண்ணனின் கருவிகளோடு கிடந்த அந்தப் பாத்திரத்தைத் தங்கம் எடுத்துவந்து, தண்ணீர் வைத்து வால்வைப் போட்டார். இருவரும் அடுப்பருகே நின்றோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வால்வு மூடியே கிடந்தது.

"எத்தனை நேரம் சார் நோக்கணும்?" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். குறிப்பேட்டை எடுக்கவில்லை.

நீங்கள் காட்ட நினைத்ததைப் பார்த்துவிட்டேன், மணி அண்ணே. கூப்பிட்டபோதே வந்திருக்க வேண்டும். போய் வாருங்கள்.