அவர் நிறுவியதாக நான் எழுதியது

இந்திராணி டீச்சர் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பெக்கான் நானாஸில் ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தேன். வலக்கையெல்லாம் குழம்பு. கையைக் கழுவிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆனால், எனக்கு முன்னால் வேறு யாரும் எழுதிவிடக் கூடாதே என்ற அவசரம். இடக்கைக் கட்டைவிரலாலேயே வாட்ஸ்அப் புலனக் குழுவில் இரங்கல் எழுதி அனுப்பினேன். “நமது சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு பிள்ளைகளின் தேர்ச்சியை உயர்த்துகிறது என்று ஆராய்ந்து நிறுவிய அறிஞர் மறைந்தார்.” கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ரொட்டி ஆறுவதற்குள் அது நான்கைந்து குழுக்களுக்குப் போய்விட்டது.

அந்த வரி பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உங்களில் பலர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவரிடம் ஆய்வு முறை படித்தவர்கள். படித்த நீங்கள் அதை எப்படி விழுங்கினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வகுப்பு நடத்திய குழுவின் செயலாளரான நானே எழுதியிருக்கிறேன், நீங்கள் நம்பியதில் என்ன தப்பு?

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். வகுப்பு தொடங்கிய முதல் ஆண்டின் முடிவில்தான் அவரைப் போய்ப் பார்த்தேன். எங்கள் பெக்கான் நானாஸ் பள்ளியில் வகுப்பு நடந்தது. கோத்தா திங்கியில் ஒரு பள்ளியில் நடக்கவில்லை. இரண்டு பள்ளிகளின் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கள் பிள்ளைகள் எங்கேயோ நின்றார்கள். தலைகால் புரியாமல் பெர்மாஸ் ஜெயாவில் இருந்த அவர் வீட்டுக்கு வண்டியை ஓட்டினேன்.

தேநீர் கொடுத்துவிட்டுப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார். “கோத்தா திங்கியில அந்த வருசம் வெள்ளம் வந்துச்சே, சார்? பள்ளிக்கூடம் மூடிக் கெடந்துச்சு. புத்தகமெல்லாம் ஆத்தோட போச்சு. இதுல ஜெயிச்சது உங்க வகுப்பா, வெள்ளமா?”

நான் விடவில்லை. வெள்ளத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்றேன். சிரித்தார். “வெள்ளத்தக் கழிச்சிரலாம்னே வைங்க. சனிக்கிழம காலையில பிள்ளைய எழுப்பி வகுப்புக்கு அனுப்புற வீடு, வகுப்பே இல்லன்னாலும் பிள்ளைய உட்கார வச்சு வாசிக்க வைக்கிற வீடுதான? காக்கா உட்கார்ந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. நீங்க காக்காய்க்கு மாலை போடணும்னு வந்திருக்கீங்க.” ஏற்கெனவே வெவ்வேறாக இருக்கிற இரண்டு கூட்டங்களை ஒப்பிடுவதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘பாதிச் சோதனை’. அதை அவர் இழிவாகச் சொன்னதில்லை. வேறு வழியில்லாத இடத்தில் அதுவும் உதவும், ஆனால் பாதி என்பதை மறக்கக் கூடாது என்பார்.

மறு ஆண்டு முழுச் சோதனை செய்ய ஒப்புக்கொண்டோம். ஒரே பள்ளி, ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள். வகுப்பில் பாதிப் பேருக்குத்தான் இடம். பேர் கொடுத்தவர்கள் எல்லாருடைய பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, பாதிப் பேருக்கு இப்போது வகுப்பு, மீதிப் பேருக்கு அடுத்த அரையாண்டில் என்றார் டீச்சர். அப்போதுதான் கெட்டிக்காரப் பிள்ளையும் மந்தமான பிள்ளையும், அக்கறை உள்ள வீடும் இல்லாத வீடும் இரண்டு பக்கமும் கலந்து விழும். நமக்குத் தெரியாத வேற்றுமைகள்கூடக் கலந்துவிடும் என்று விளக்கினார்.

பெற்றோர் கூட்டத்தில் பெரிய அமளி. “அலமாக், டீச்சர்! எம்பிள்ள என்ன லாட்டரியா?” என்று ஒரு தாய் எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். டீச்சர் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். “யாரு உள்ள, யாரு வெளியேன்னு நாங்களே முடிவு பண்ணா, செயலாளர் பேரன் உள்ள இருப்பான், உங்க பிள்ள வெளிய நிக்கும். சீட்டுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லம்மா.” கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அம்மன் சன்னிதியில் வைத்துத்தான் குலுக்க வேண்டும் என்று பெற்றோர் சங்கத் தலைவர் நிபந்தனை போட்டார். டீச்சர் உடனே சம்மதித்தார். “எங்க வேணும்னாலும் குலுக்குங்க. குலுக்கின பிறகு அம்மனே வந்து கேட்டாலும் மாத்தக் கூடாது.”

இவ்வளவும் ஒழுங்காக நடந்த இடத்தில்தான் நம்மவர் புத்தி குறுக்கே வந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப நமக்கு வராது. முதல் சனிக்கிழமையே சங்கத்தின் மகளிர் பிரிவு தோசையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து இறக்கியது. எனக்கு ஒரே பெருமை. வாரா வாரம் நடந்தது. ஒரு நாள் டீச்சர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இது என்ன சார்?”

“பிள்ளைங்க பசியாறுறாங்கம்மா.”

“வயிறு நெறஞ்ச பிள்ள நல்லா வாசிக்கும். தோசை கெடைக்கும்னு தவறாம வரும். அத நான் எந்தக் கணக்குல எழுதுவேன்?”

நிறுத்தச் சொல்வார் என்று நான் வரிந்துகட்டி நின்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. காத்திருக்கும் பிள்ளைகளையும் சனிக்கிழமை வரச் சொல்லுங்கள், அவர்களுக்கும் அதே தோசையைக் கொடுங்கள், சாப்பிட்டுத் திடலில் விளையாடட்டும் என்றார். அப்போது இரண்டு பக்கமும் சாப்பாடு சமம், வாசிப்பு மட்டும்தான் வேறு. மகளிர் பிரிவு முகம் சுளித்தது. நான் அதைச் சாக்காக வைத்து, “பாதியில மாத்தினா குழப்பம், விடுங்கம்மா” என்று தட்டிக்கழித்தேன். அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. அரையாண்டு முடிந்தபோது எங்கள் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். அவர் அறிக்கையின் கடைசிப் பத்தி மட்டும் என்னைக் குளிர வைக்கவில்லை. ‘வாசிப்பும் உணவும் சேர்ந்து கிடைத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். இவற்றில் எதனால், எவ்வளவு என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது’ என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்துக் கையெழுத்தும் போட்டவன்தான் ரொட்டிக் கடையில் உட்கார்ந்து ‘நிறுவிய அறிஞர்’ என்று எழுதினேன்.

அன்று பிற்பகல் பெர்மாஸ் ஜெயா வீட்டில் டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவர் கணவர் முருகையா நின்றார். அவர் சிங்கப்பூரில் வேலை செய்பவர். எல்லைப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்து, வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கோத்தா திங்கித் தலைமையாசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். அவர் பள்ளியில் மணி அடிப்பதற்கு முன்னால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுப்பது வழக்கம்.

“சார், நீங்க எழுதுனதப் பாத்தேன். இனிமே பசியாறக் கொடுக்கிறத நிறுத்திட்டு அந்த நேரத்துல வாசிப்பு வகுப்பு வைக்கப் போறோம். ரெண்டும் செய்ய ஆளு இல்ல. டீச்சரே நிரூபிச்சிட்டாங்கல்ல, அவங்க பேரையே வைக்கலாம்னு இருக்கோம்.”

முருகையாதான் பேசினார். குரல்கூட உயரவில்லை. “அவ அப்படிச் சொல்லலியே, சார். தோசை வெசயத்த எத்தன தடவ வீட்டுல சொல்லி வருத்தப்பட்டா தெரியுமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பெறகு பேசலாம் லா, இப்ப நேரமில்ல” என்றேன். செத்துக் கிடப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஊருக்கெல்லாம் நிமிர்ந்து பேசுகிற மனிதன், ஒரு வரியைத் திருத்த அந்த இடத்தில் கூச்சப்பட்டேன். பசியோடு உட்காரப் போகிற பிள்ளைகளைவிட என் பேர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் உடம்பு கூசியது.

மறுநாள் அந்தத் தலைமையாசிரியரை அழைத்தேன். “சாப்பாட்ட நிறுத்தாதீங்க” என்றேன்.

“அப்போ உங்க வகுப்புல பயன் இல்லையா, சார்?”

“தெரியாது.”

“டீச்சர் நிரூபிச்சாங்கன்னு நீங்கதான எழுதுனீங்க?”

“நான்தான் எழுதினேன். அவங்க எழுதல. தெரியாதுன்னுதான் அவங்க எழுதினாங்க.”

பிறகு, “சரி, பிள்ளைங்க பசியாறட்டும்” என்றார். அதே செய்தியைப் புலனக் குழுவிலும் எழுதிப் போட்டேன். பொய்யைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர், திருத்தத்தைப் படித்துவிட்டு நகர்ந்துவிட்டது. ஒரு கும்பிடும் கைகூட வரவில்லை. அது எனக்குச் சரியான கூலி.

டீச்சரிடம் படித்தவர்களிடம் அவருடைய பாடம் இருக்கும். முருகையாவிடம் ஒரு வாழ்க்கை முழுதும் இருக்கிறது. எனக்கு மிஞ்சியது இந்த வெட்கம் மட்டும்தான். நாளாக ஆக எல்லாம் ஆறிவிடும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். இது மட்டும் ஆற வேண்டாம். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுத இந்தக் கை இன்னொரு முறை நீளும்போது, என் முகம் சுட வேண்டும்.