வாழைமரத்தில் இடித்த துப்பாக்கி

ஆவடி ராணுவ டாங்கி செய்கிற ஊர். எங்கள் குவார்ட்டர்ஸ் ஆண்களுக்கு எதுவும் கனமாக இருந்தால்தான் உசத்தி. என் தம்பி விஷயத்திலும் அதே கணக்கைப் போட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் பட்டாளத்தோடு கடல் தாண்டிச் சண்டைக்குப் போனவன், வலது கை விளங்காமல் திரும்பினான். சேக்காட்டு டீக்கடையில் அவனைச் சுடத் தெரியாதவன் என்றார்கள். அப்பா கேட்டுக்கொண்டு சும்மா வந்தார். தம்பி வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

நடந்ததை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அவனிடம் இருந்தது நீளமான, கனமான துப்பாக்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. வெட்டவெளியில், தூரத்தில் நிற்பவனைக் குறிபார்த்து வீழ்த்த அதைவிட நல்லது கிடையாது. ஆனால் இவர்களை விட்டது புதர்க்காட்டில். எதிரில் வந்தவனிடம் குட்டைத் துப்பாக்கி. விசையைப் பிடித்தால் விடாமல் பொழியும். பக்கத்தில் நடக்கிற சண்டைக்கென்றே செய்தது. இவ்வளவு வித்தியாசம் அனுப்பியவர்களுக்குத் தெரியாதா?

ஆயுதபூஜை அன்று தொழிற்சாலைக்குள் குடும்பங்களையும் விடுவார்கள். தம்பியை வம்படியாக இழுத்துப் போனேன். பந்தல் வாசலில் இருபுறமும் இரண்டிரண்டு வாழைமரங்களை, நடுவே ஓர் ஆள் மட்டும் நிற்கும்படி நெருக்கிக் கட்டியிருந்தார்கள். அருகே மேசையில், காவலர்களின் துப்பாக்கிகள் சந்தனம் குங்குமத்தோடு கிடந்தன. அப்பாவோடு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாமா, காவலரைக் கேட்டுக்கொண்டு நீளத் துப்பாக்கி ஒன்றைத் தூக்கினார்.

"இன்னா நைனா, இம்மாம் வெயிட்டான துப்பாக்கிய வச்சிகினு அடி வாங்கிகினு வந்துகீறியே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் லேசாகச் சிரித்தார். எனக்கு உச்சிவரை ஏறிவிட்டது.

"மாமா, அந்தப் பக்கத்து ரெண்டு வாழைமரத்துக்கும் நடுவுல போய் நில்லுங்க. நான் கூப்பிட்டதும், குறிபாக்கிற மாதிரி துப்பாக்கிய தோள்ல வச்சபடியே திரும்புங்க."

விளையாட்டென்று நினைத்துப் போய் நின்றார். கூப்பிட்டேன். திரும்பினார். குழல் மரத்தில் இடித்து நின்றது. ஓரடி பின்வாங்கி, மறுபடி திருப்பினார். இலைக்குள் மாட்டிக்கொண்டது.

தம்பி தன் இடது கையைத் துப்பாக்கிபோல அவரை நோக்கி நீட்டினான்.

"நீங்க செத்து ரொம்ப நேரமாச்சு, மாமா."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தலைகுனிந்து நின்றார். எனக்கு மட்டும் ஆத்திரம் தணியவில்லை. அந்தத் துப்பாக்கியைக் கொடுத்து அவனைக் காட்டுக்குள் அனுப்பியவர்களில் ஒருவர்கூட அந்தப் பந்தலில் இல்லை.