கேட்டால் பதினெட்டு

சும்மா உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால் என் மனைவிக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருந்தேன். ஒரு கூடைத் துணியைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் கொட்டி, "படுத்துக்கிட்டே மடிக்கலாம்ல?" என்றாள். அன்றைக்கு எழுந்தவன்தான், இன்னும் படுக்கவில்லை.

அவள் நடத்தியது சலவைக் கடை. முன்னால் ஒரு மேஜை, பின்னால் நீளமான கூடம், சுவரோரம் துவைக்கும் மெஷின்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ரோலர். ரோலர் என்றால் ஓர் ஆள் நீளத்துக்கு மேலிருக்கும் சூடான உருளை. ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து உள்ளே கொடுத்தால், சுருக்கம் போய்க் காய்ந்து அந்தப் பக்கம் வெளியே வரும். விடுதிகளுக்கும் ஒரு கிளினிக்குக்கும் விரிப்பு வெளுத்துக் கொடுத்தோம். வேன் ஓட்டுவது நான், முதலாளி அவள். வாடிக்கையாளர், வேலையாள், தபால்காரர் என்று எல்லோருக்கும் அவள் அக்காதான். நானே இரண்டொரு தரம் வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அதன்பின் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்க விட்டார்கள். யாராவது வந்து "யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டால், "சொந்தக்காரப் பொண்ணு, லீவுக்கு வந்திருக்கா" என்று சொல்ல வேண்டுமாம். வீட்டம்மாவின் உத்தரவு. "வருஷக்கணக்கா லீவுல இருந்த ஒரே பொண்ணு நான்தான்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள், நாங்களும் சிரிப்போம். வேலைக்கு முகம் சுளிக்கிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றே ஒன்று. "நான் செய்யலையா? செத்தா போயிட்டேன்?"

எதிர்வீட்டு மாடியில் ஒரு தையல்காரம்மா இருந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போனவர், இடுப்பு வலியோடு மெஷின் மிதிக்கிறவர். போன வருஷம் ஒரு நாள் மகளைக் கையில் பிடித்து அழைத்து வந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, பதினாலு வயசு. ஒல்லி உடம்பு, ஓயாத வாய். கடையில் அவளுக்கு வாலு என்று பேர் விழ அரை நாள்கூட ஆகவில்லை.

"ஸ்கூல் விட்டு வந்தா போனையே நோண்டிக்கிட்டு இருக்கா, அக்கா. உங்ககிட்ட இருந்தா நாலு விஷயமாவது கத்துப்பா" என்றார் தையல்காரம்மா.

நான் பயந்தாங்கொள்ளி. மறுநாளே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நன்றாகவே சொன்னார். இந்த வயசுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டபின் லேசான வேலை செய்யலாம். துணி மடிக்கலாம், சீட்டு ஒட்டலாம், கல்லாவுக்குப் பக்கத்தில் பை எடுத்துக் கொடுக்கலாம். இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சூடான மெஷின் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதமும் தாயின் சம்மதமும் கொண்டுவந்தால் அனுமதி கிடைக்கும். அவ்வளவுதான். கஷ்டமான காரியமே இல்லை.

வந்து சொன்னேன். "மடிக்கிறதுக்கு ஒரு சட்டமா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால் தலைமையாசிரியர் விடுப்பில் இருந்தார். கிளினிக்காரர்கள் விரிப்பு விரிப்பு என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்த நேரம் வேறு. "லெட்டர் வரும்போது வரட்டும். யாராச்சும் கேட்டா பதினெட்டுன்னு சொல்லிடு" என்று வாலுவிடம் சொல்லிவிட்டாள். நானும் பேசாமல் வேனைக் கழுவப் போனேன். அதற்கப்புறம் அந்தக் கடிதத்தைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

பதினெட்டு என்று சொன்னால் மட்டும் போதாது, பிறந்த வருஷம் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று என் மனைவிக்குத் தெரியும். அதனால் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டாள். வாலு தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "வயசு?" என்பாள். "பதினெட்டு." "பொறந்த வருஷம்?" டக்கென்று பதில் வரும். சில சமயம் குரலைக் குழைத்து, "ஐயோ பாவம், பதினாலு வயசுப் புள்ளைய வேலை வாங்குறாங்களே" என்று பொறி வைப்பாள். "யாரு, நானா? எனக்குப் பதினெட்டுங்க" என்று அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து நிற்பாள். கூடமே சிரிக்கும். அவள் ஒரு தடவைகூட அந்தப் பொறியில் விழவில்லை. என் மனைவிக்கு அதில் அத்தனை பெருமை. "சமத்து. எங்க போனாலும் பொழைச்சுக்குவா" என்பாள்.

வாலுவை ரோலர் பக்கம் விடுவதில்லை, அதில் கறாராகத்தான் இருந்தாள். ரோலரில் விரிப்பின் ஒரு முனை, ரோலர் அண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் வேலையாளுக்கு, மறு முனை என் மனைவிக்கு. ஒரு நாள் சாயங்காலம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது, விரிப்பு ஏன் இன்னும் வரவில்லை என்று. பாதி விரிப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. "வாலு, இதைச் செத்த பிடிச்சுக்கோ" என்று முனையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. விரிப்பு சுருட்டிக்கொண்டது. சுருக்கம் விழுந்தால் அக்கா திட்டுவாளே என்று பிள்ளை கைநீட்டி நீவிவிட்டிருக்கிறாள். விரிப்போடு கையும் போய்விட்டது.

அண்ணன் பாய்ந்து நிறுத்தினார். வலது கை விரல்களும் புறங்கையும் வெந்துபோயிருந்தன. வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

மருத்துவமனையில் கட்டுப் போடும்போது டாக்டர் கேட்டார். "வயசு என்னம்மா?"

"பதினெட்டு" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்காத பிறந்த வருஷத்தையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்பதுபோல. என் மனைவி வாயைத் திறக்கவில்லை. நானும்தான். பெரியவர்கள் வார்டில் ராத்திரி துணைக்கு ஆள் தங்கக்கூடாது என்று தையல்காரம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் உண்மையைச் சொல்லப் பயம், மகளை வேலைக்கு விட்டது தானாயிற்றே. "இவ்வளவு வலியிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று நர்ஸ் அதிசயப்பட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், மறுநாள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் ஆபீசரம்மா கடைக்கு வந்தார். ரோலரைச் சுற்றிப் பார்த்தார். கை வைக்காதே என்று சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தார்.

"வயசு வந்த பொண்ணு. எழுதி ஒட்டியிருந்தும் கை வெச்சிருக்காங்க. அவங்க கவனக்குறைவுன்னுதான் ஆகும். நாளைக்கு ஆஸ்பத்திரியில வாக்குமூலம் வாங்கிட்டு முடிச்சிடுறேன்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, பொய் சொல்வானேன். கடை தப்பித்தது என்றுதான் முதலில் தோன்றியது. அவர் போனபிறகுதான் டாக்டர் சொன்னது உறைத்தது. விரல்கள் மடங்க வேண்டுமென்றால் இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும். பிள்ளைக்கு வயசு பதினாலு என்றால் அந்தச் செலவு, நஷ்டஈடு எல்லாம் கடைதான் கொடுக்க வேண்டும், கடைக்கும் பூட்டு விழும். பதினெட்டு என்றால் எல்லாம் அவள் தலையெழுத்து. தையல் மெஷின் மிதித்து அவள் அம்மா எந்தக் காலத்தில் அந்த ஆபரேஷனைச் செய்வது?

அன்று சாயங்காலம் தையல்காரம்மா வந்தார். என் மனைவி வாங்கிக் கொடுத்த பழத்துக்கும் மாத்திரைக்கும் நன்றி சொல்ல வந்தாராம். "உங்களை மாதிரி யாரு பாத்துப்பாங்க, அக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. அவர் போனதும் மடிக்கும் மேஜையருகே உட்கார்ந்தாள். துணி மலையாகக் கிடந்தது. தொடவில்லை.

"என்ன, அப்படியே உக்காந்துட்ட?"

"அந்த வீட்டம்மா என்னைச் சொந்தக்காரப் பொண்ணுன்னு சொல்லச் சொன்னாங்கள்ல. அதை ஏன் இத்தனை வருஷமா சிரிச்சுக்கிட்டே சொன்னேன்?"

"இப்ப எதுக்கு அது?"

"சிரிக்கலைன்னா அழணும், அதான். நான் சாகலைங்கிறதுக்காக அவளும் சாக மாட்டான்னு நெனச்சுட்டேன். எனக்குச் செஞ்சதையே அவளுக்கும் செஞ்சுட்டேன். அதுலயும் பாரு, நான் கெட்டிக்காரி. பொறந்த வருஷம் வரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

ஜன்னலுக்கு முன்னால் நின்று சட்டம் முழுவதையும் காதில் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். அவளாவது நான் வந்து சொன்னதைக் கேட்டவள், எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

"நாளைக்குச் சொல்லிடப் போறேன். கடை போகும்" என்றாள்.

"போகட்டும்" என்றேன். சொல்லிவிட்டு, கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணத்தான் போனேன்.

மறுநாள் வார்டில் ஆபீசரம்மா கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா கால்மாட்டில் நின்றார். என் மனைவி நேராகப் போய் நின்று சொன்னாள்.

"மேடம், இவளுக்குப் பதினாலுதான் ஆகுது. பதினெட்டுன்னு சொல்லச் சொன்னது நான். விரிப்பை அவ கையில கொடுத்ததும் நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

ஆபீசரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

வாலு என் மனைவியைப் பார்த்தாள். வீங்கிய முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. இதுவும் பொறி என்று நினைத்துவிட்டாள்.

"யாரு, நானா? எனக்குப் பதினெட்டுங்க" என்றாள்.

என் மனைவி அப்படியே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆபீசரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? அதையும் சொன்னாள். கூடமே சிரித்ததுவரை ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு குனிந்து, "இது விளையாட்டு இல்லடா கண்ணு. உண்மையச் சொல்லு" என்றாள்.

"சொன்னா கடையை மூடிடுவாங்களே, அக்கா."

"மூடட்டும்."

"நீங்க திட்ட மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு "பதினாலு" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, உதடு கோணியது. "அம்மா, வலிக்குதும்மா" என்று வீறிட்டு அழ ஆரம்பித்தாள். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் வந்தது. தையல்காரம்மா ஓடி அவள் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். என் மனைவியும் கையை நீட்டினாள். தையல்காரம்மா அந்தக் கையை ஒதுக்கிவிட்டார், திட்டவில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. "கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் ஆபீசரம்மா.

வெளியே வந்தோம். கதவு சாத்தியிருந்தும் அந்த அழுகை வராந்தா முழுக்கக் கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை. கீழே போய் நிற்கலாம் வா என்று அவள் தோளைத் தொட்டேன்.

"நீ போ. அவ அழுது முடிக்கிற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்" என்றாள்.