பிரெட் பைக்குள் இரண்டு கால்கள்

ஆக்லாந்தில் ஜூலைதான் குளிர்காலம். த்ரீ கிங்ஸ் பூங்காவில் ஆறு பிள்ளைகள், மழைக்கு வெளியே வந்த மண்புழுக்களைத் தேடுகிறார்கள். வாராவாரம் அவர்களைக் கூட்டி வருபவர் யாழ்ப்பாணத்துச் சுகந்தி அக்கா. இன்று ஒருநாள் அவருக்கு நான் பை தூக்குகிறேன்.

ஐந்து வயது மீராவை விட்டுப் போகும்போதே அவள் அம்மா சொல்லிவிட்டார்: "கால் நனைஞ்சா அடுத்த வாரம் அனுப்ப மாட்டேங்க. இவளுக்குச் சளி பிடிச்சா நான்தான் லீவு போடணும்."

மீரா நேராகக் குட்டைக்குள் இறங்குகிறாள்.

"தடுத்திருக்கலாமே அக்கா?"

"தண்ணிக்கை இறங்காமல் என்னெண்டு தம்பி புழு பாக்கிறது?"

அக்கா அவள் காலைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸ் போட்டு, அதன்மேல் பிரெட் வந்த பிளாஸ்டிக் பையை மாட்டி, ஈர ஷூவுக்குள் நுழைக்கிறார். என் சாக்ஸும் ஈரம்தான். அக்காவின் பையில் இருந்தது அந்த ஒரு உலர்ந்த ஜோடிதான்; என்னுடையது நடந்தால் காய்ந்துவிடும்.

மதியம் அம்மா வந்து, மகளின் ஷூவைக் கழற்றிக் காலைத் தொட்டுப் பார்க்கிறார். கால் சூடாக இருக்கிறது.

"இது எங்க சாக்ஸ் இல்லையே."

"ஓம். உங்கடை நனைஞ்சு போச்சு. இந்தாங்கோ."

"மம், இட் வாஸ் திஸ் லாங்," என்று மீரா புழுவின் நீளத்துக்குக் கைகளை விரிக்கிறாள்.

அம்மா ஈர சாக்ஸைப் பிழிகிறார்.

"அடுத்த வாரம் எத்தனை ஜோடி குடுத்து விடணும்?"